நடைக்குழு ஆண்டறிக்கை, கிருஷ்ணகிரி

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். போன வருஷம் நான் அறிக்கை வாசித்தபோது பின்வரிசையில் நாலு பேர் தூங்கிவிட்டார்கள், அதனால் இந்த முறை ஒரே ஒரு நடையைத்தான் விரித்துச் சொல்லப்போகிறேன். மற்றவற்றில் இரண்டு மழையால் பாதியில் நின்றன, ஒன்றுக்கு வேனே வரவில்லை, முன்பணமும் இன்னும் திரும்பவில்லை. மயிலாடும்பாறை நடை நன்றாகவே போனது. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்ததிலிருந்து நம் பிள்ளைகளே ஊர்ப் பெயரைப் பெருமையாகச் சொல்கிறார்கள்.

மல்லச்சந்திரம் கல்திட்டைகளுக்கு, அதாவது கற்பலகைகளை நிறுத்தி மேலே ஒரு பலகையால் மூடிய பழைய கல் வீடுகளுக்கு, போன நாளுக்கு வருகிறேன். நம் ஓய்வுபெற்ற ஆசிரியர், இவை இரும்புக்கால மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை என்று விளக்கிக்கொண்டிருந்தார், பாதிப் பேர் களி உருண்டையைப் பிரித்துவிட்டார்கள். அப்போது ஆடு ஓட்டிவந்த ஆயா ஒருவர் நின்று, "நெருப்பு மழை பேயப்போவுதுன்னு தெரிஞ்சு குள்ளருங்க கட்டிக்கின வீடு இது" என்றார். பாண்டவர் வீடு என்றும் சொல்கிறார்களே என்று கேட்டதற்குப் கற்பலகையில் இருந்த வட்டத் துளையைக் காட்டி, "பீமன் இதுக்குள்ள எப்பிடிப் பூந்தான், நீயே சொல்லு" என்று திருப்பிக் கேட்டார். ஆசிரியரிடமும் பதில் இல்லை.

எல்லோரும் சிரித்தோம், கூட வந்த கல்லுடைக்கும் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "எங்க தாத்தா காலத்துல நெருப்பு வெச்சுத்தான் பலகை எடுப்பாங்க" என்றார். பாறை மேல் விறகை வரிசையாக எரித்து, நெருப்பை மெல்ல நகர்த்திக்கொண்டே தட்டிப் பார்ப்பார்களாம். ஒட்டியிருக்கிற கல் கிண்ணென்று கேட்கும், விட்டுப்போன இடம் தொப்பென்று கேட்கும். சுத்தியலால் அங்கேயே தட்டிக் காட்டினார், எங்கள் காதுக்கே வித்தியாசம் தெரிந்தது. அப்புறம்தான் ஆசிரியருக்கு உற்சாகம் வந்தது. கல்லில் சூடு சீக்கிரம் கீழே இறங்காது, மேல் பரப்பு மட்டும் விரிய, அடிப்பகுதி அப்படியே இருக்க, நடுவில் பிளவு ஓடுகிறது. ஆழத்தில் உருவான பாறை மேலே இருந்த பாரம் தேய்ந்து போனதும் தானாகவே வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக விடுமாம், நெருப்பு அதற்குக் கொஞ்சம் கைகொடுக்கிறது, அவ்வளவுதான். கல்திட்டைப் பலகைகளையும் இப்படித்தான் எடுத்தார்களா, ஆயாவின் நெருப்பு மழை அதன் ஞாபகமா என்றெல்லாம் நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு யாரும் கைப்பேசியை எடுக்கவில்லை.

அந்த அண்ணனுக்கு ஒரு நாள் கூலி கொடுத்ததை இரண்டு உறுப்பினர்கள் ஆட்சேபித்தார்கள், பொன்னாடை போதாதா என்றார்கள். வேலையை விட்டுவிட்டு வந்த மனிதர் பொன்னாடையை வைத்து என்ன செய்வார்? இனிமேலும் கூலி உண்டு, அவர்தான் முதலில் பேசுவார், ஆசிரியர் அதற்கப்புறம். ஆசிரியரும் சரி என்றுவிட்டார்.

அடுத்து ஒகேனக்கல், பரிசல் முடைகிறவர்களோடு. முன்பு மாட்டுத்தோல் போர்த்திய மூங்கில் கூடைக்கு இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் பூசுகிறார்கள், அதை முடையும்போதே பார்க்க வேண்டும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் டீ குடித்துவிட்டு நைசாகக் கிளம்பிவிடாதீர்கள், நான் வாசலில்தான் நிற்பேன்.