காவிரியும் கொள்ளிடமும்: மணலுக்கும் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேட்டூரில் நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எத்தனை கனஅடி, கல்லணையிலிருந்து எந்த ஆற்றில் எவ்வளவு திறக்கப்படுகிறது என்பதையெல்லாம் நாளிதழில் பார்த்துத்தான் டெல்டாவில் நாற்று விடுகிறோம். அந்தத் தண்ணீரோடு வரும் மணலுக்கும் எக்கலுக்கும் (வெள்ளம் படியவிடும் வண்டலுக்கும்) அப்படியொரு கணக்கு எங்கள் கண்ணில் படுவதில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் பயிர் செய்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

திருச்சிக்கு மேற்கே உள்ள முக்கொம்பு வரை இரண்டும் ஒரே ஆறு. பிரிந்தபின் கொள்ளிடம் அகலமும் சரிவும் மிகுந்த வெள்ள வடிகால்; காவிரியோ வாய்க்கால்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்டுக்கொண்டே போய்ப் பூம்புகாரில் ஒடுங்கிவிடும் பாசன ஆறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரி பிரியும் இடமான அதன் தலைப்பு மணல் மேடிட்டு, தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கி ஓடியதால் தஞ்சைச் சாகுபடி தவித்தது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1830-ல் கல்லணையில் மணற்போக்கிகளை (மணலை வெளியேற்றும் மதகுகளை) அமைத்தார். 1836-38-ல் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். அதன்பின் காவிரியில் அளவுக்கு மீறித் தண்ணீர் பாய்ந்து படுகையை அரித்ததால், 1840-களில் மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தி, காவிரித் தலைப்பிலும் குறுக்கே தளம் போட வேண்டியதாயிற்று. தண்ணீரையும் மணலையும் சேர்த்துப் பார்த்ததால்தான் அந்தப் பிழை திருந்தியது.

தண்ணீரைப் பாதிப் பாதியாகப் பிரித்தால் மணலும் அப்படியே பிரிந்துவிடாது. வண்டல் தண்ணீரில் கலந்து வரும். பருமணல் அடியில் உருண்டு வரும். ஒருமுறை ஆடியில் புதுத்தண்ணீர் வந்தபோது இரண்டு ஆற்றிலும் ஒவ்வொரு செம்பு மொண்டு வந்து திண்ணையில் வைத்தேன். மறுநாள் காலை காவிரிச் செம்பின் அடியில் செந்நிற வண்டல் மெல்லிய ஏடாகப் படிந்திருந்தது. கொள்ளிடத்துச் செம்பிலோ விரலில் நெருடும் மணல். ஒரு செம்பை வைத்து ஆற்றை எடைபோட முடியாது என்பது எனக்குத் தெரியும். அதை முறையாக அளக்க வேண்டியது அரசு.

மேட்டூர் அணை 1934 முதல் மேலிருந்து வரும் மணலைத் தடுத்து நிறுத்துகிறது. பவானியிலும் அமராவதியிலும் அணைகள் உள்ளன. ஆகவே கொள்ளிடத்தில் குவாரி வைத்து அள்ளிய மணல் அடுத்த வெள்ளத்தில் வந்து சேர்ந்துவிடும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து 2 லட்சம் கனஅடிக்கு மேல் திறக்கப்பட்டு, அதில் பெரும்பகுதி கொள்ளிடத்தில் சென்றது. அந்த மாதம் 22-ஆம் தேதி இரவு முக்கொம்பில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. திருச்சியில் பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதியும் இடிந்தது. படுகை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை ஆண்டுதோறும் அளந்து வெளியிட்டிருந்தால், அணைக்கும் பாலத்துக்கும் வரக்கூடிய ஆபத்தை மக்களும் முன்கூட்டியே அறிந்திருப்பார்கள்.

மத்திய நீர் ஆணையம் முசிறியில் நீரோட்டத்தை அளக்கிறது. அது ஆறு பிரிவதற்கு முந்தைய இடம். முக்கொம்புக்குக் கீழே இரண்டு ஆறுகளிலும் ஒரே நாளில், ஒரே முறையில் நீரோட்டத்தையும் மணல் வரத்தையும் அளந்து, பருவமழைக்கு முன்னும் பின்னும் படுகை மட்டத்தைப் பதிவு செய்து, நீர்வளத் துறை பொதுவில் வெளியிட வேண்டும். குறைந்தது இரண்டு வெள்ளப் பருவங்களுக்காவது அந்தக் கணக்கு கைக்கு வரும்வரை கொள்ளிடத்தில் புதிய மணல் குவாரி எதற்கும் அனுமதி தரக்கூடாது.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
திருவையாறு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.