செயலாளர் ஆண்டறிக்கை 2025: பார்கின்சன் நோயாளிகள், பராமரிப்போர் சங்கம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், கைபிடித்து அழைத்து வந்திருக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களும் நடைப்பயிற்சி, பேச்சுப் பயிற்சி வகுப்புகளும் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி.

இந்த ஆண்டு, நோய் புதிதாகத் தெரியவந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "ஸ்டெம் செல் வைத்தால் சரியாகிவிடுமா?" ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல். ஏப்ரலில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த இரண்டு ஆய்வுகளே இந்தக் கேள்விக்குக் காரணம். ஒரு கூட்டத்தை முழுதுமாக இதற்கே ஒதுக்கினோம்.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஜுன் தகாஹாஷி குழுவினர், இந்நோயில் குறைந்துபோகும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புச் செல்களாக வளரக்கூடிய செல்களை, ஐபிஎஸ் செல்களிலிருந்து (உடலின் சாதாரணச் செல்லை மாற்றி உருவாக்கும் ஸ்டெம் செல்) உருவாக்கி 7 பேரின் மூளையில் வைத்தார்கள். 2 ஆண்டுகளில் கடுமையான பாதிப்பு எதுவும் இல்லை. பலன் அளக்கப்பட்ட 6 பேரில் 4 பேருக்கு, மாத்திரை வேலை செய்யாத 'ஆஃப்' நேரத்திலும் அசைவு மேம்பட்டிருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 12 பேருக்குக் கருமூலச் செல்லிலிருந்து (ஆரம்பநிலைக் கருவிலிருந்து பெறும் ஸ்டெம் செல்) வளர்த்த செல்களை வைத்து, 18 மாதம் கண்காணித்தார்கள். அங்கும் பாதுகாப்பு திருப்தியாக இருந்தது.

உண்மையிலேயே மகிழ்ச்சியான செய்தி. ஆனாலும் இரண்டிலும் ஒப்பீட்டுக் குழு, அதாவது செல் வைக்காமல் ஒப்பிட்டுப் பார்க்கும் நோயாளிகள், கிடையாது. அது ஏன் முக்கியம் என்பதைப் பழைய ஆய்வு ஒன்று காட்டுகிறது. 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 40 பேரில் பாதிப்பேருக்குக் கருத்திசு வைத்தார்கள்; மீதிப்பேருக்கு மண்டையில் துளை மட்டும். 60 வயதைத் தாண்டியவர்களுக்குப் பலன் தெரியவில்லை. சிலருக்குப் பின்னாளில் கட்டுக்கடங்காத அசைவுகள் வந்தன. அதனால்தான் சுமார் 100 பேரிடம் போலி அறுவை சிகிச்சையோடு ஒப்பிடும், அமெரிக்க-கனடா ஆய்வின் அடுத்த கட்டம் இப்போது தொடங்கியிருக்கிறது. இன்னொன்று, இந்த ஏப்ரல் ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் பல ஆண்டு நோயோடு இருப்பவர்கள். லெவோடோபா மாத்திரை (உடலில் டோபமைனாக மாறும் மருந்து) நன்றாக வேலை செய்யும் ஆரம்பநிலைக்காரர்களுக்கு அவற்றிலிருந்து விடை கிடைக்காது.

நம் உறுப்பினர் ஒருவரின் குடும்பம் நகையை அடகு வைத்து, ஒரு தனியார் கிளினிக்கில் எலும்பு மஜ்ஜைச் செல்லை முதுகுத்தண்டில் ஊசியாகப் போட்டுக்கொண்டது. நடுக்கம் அப்படியே இருக்கிறது. அந்த அம்மா அழுததை எங்களால் மறக்க முடியவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைப்படி பார்கின்சனுக்கு ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே தரலாம். அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. யார் கட்டணம் கேட்டாலும் பணம் கட்டுவதற்கு முன் எங்களிடம் வாருங்கள். அந்த ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று உடனிருந்து பார்த்துத் தருவோம். இப்படிப்பட்ட விளம்பரங்களைக் கூட்ட அரங்கில் அனுமதிப்பதில்லை என்றும் செயற்குழு தீர்மானித்துள்ளது.

வகுப்புகளைக் கட்டணமின்றி நடத்திய இயன்முறை மருத்துவர்களுக்கு நன்றி. இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு அவையை வேண்டுகிறேன்.

செயலாளர்