கிணற்றுத் தூண்களும் வன்னி மரமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தில்லித் தமிழர்கள் விடுமுறைக்கு ராஜஸ்தான் சென்று திரும்பினால் கோட்டைகளையும் ஒட்டகச் சவாரியையும் பற்றியே பேசுகின்றனர். பயணக் கட்டுரைகளும் அவற்றைத் தாண்டுவதில்லை. பாலைவன ஊர்களின் மெய்யான அடையாளங்கள் நீரையும் நிழலையும் சார்ந்தவை என்பது என் கருத்து.

ராஜஸ்தானின் வடகிழக்கிலுள்ள ஷெகாவாட்டிப் பகுதியின் பழைய கிணறுகளில், உயர்ந்த மேடையின் விளிம்பில் நான்கு தூண்கள் சிறு மினார்களைப் போல எழுந்து நிற்கும். மணல்வெளியில் வரும் வணிகக் கூட்டத்துக்கு, நம் ஊர்க் கோபுரங்களைப் போலவே, அவை தொலைவிலிருந்தே தண்ணீரும் ஊரும் இருப்பதை அறிவித்தன. அத்துடன் கிணறு வெட்டிய மார்வாரிக் குடும்பத்தின் கொடையையும் (அடக்கம் சற்றுக் குறைவுதான்) பறைசாற்றின.

வன்னி மரத்துக்கு அங்குள்ள மதிப்பு இன்னும் ஆழமானது. அதனை வெட்டவிடாமல் காக்க, 1730இல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில் மரங்களையும் விலங்குகளையும் காப்பதைச் சமய நெறியாகக் கொண்ட பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிர்துறந்தனர். ஆயினும், வன்னி போன்ற மரங்கள் நிற்கும், தெய்வத்தின் பெயரால் காக்கப்படும் ‘ஓரண்’ காடுகளுள் பல, வருவாய்ப் பதிவேடுகளில் வெறும் தரிசு நிலமாகவே குறிக்கப்பட்டுள்ளதால், சூரிய மின் திட்டங்களுக்கு எளிதில் இரையாகின்றன. ஓரண்களைக் காக்கப் போராடும் ஜைசல்மேர் கிராமத்தினரின் தரப்பையும் தங்கள் நாளிதழ் விரிவாக வெளியிட வேண்டுகிறேன்.

ஒரு வாசகர்,
மயூர் விகார், தில்லி