இறால் விற்காத பாக் சிக்குக்கும் மற்ற எல்லாருக்கும்

ஜொகூர் கோத்தா திங்கி வட்டாரத்தில் எங்களுக்காக ஓடியாடிய அத்தனை பேருக்கும் வணக்கம்.

ஆற்றில் எதையோ கொட்டியதால் நின்றுபோன தண்ணீர் நேற்று சாயங்காலம் குழாயில் வந்துவிட்டது. நிறமில்லை, வாடையில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் துணி அலசுகிற சத்தம். நடந்ததை மறுபடி சொல்ல வேண்டியதில்லை, எல்லாரும் பட்டதுதான். ஆற்றில் யார் கொட்டினார்கள் என்பதை விசாரிக்கிறவர்கள் விசாரிக்கட்டும். நாளைக்குக் கடை திறந்துவிட்டால் எனக்கு எழுத நேரம் கிடைக்காது, அதனால் இன்றைக்கே நன்றி சொல்லிவிடுகிறேன்.

முதலில் மேலாற்றுக் கம்பத்தில் (கிராமத்தில்) தூண்டில் போடும் மலாய்க்கார மாமா, நம் பாக் சிக்குக்கு. என் ஒட்டுக்கடைக்கு ஊடாங் காலா என்கிற பெரிய ஆற்று இறால் கொடுப்பவர் அவர்தான். தண்ணீர் கெட்டால் அந்த இறால் மயங்கிக் கரையோரம் ஒதுங்கும், கையாலேயே அள்ளலாம். அன்றைக்கு விடியுமுன்னே அப்படித்தான் ஒதுங்கியிருக்கிறது. அவர் கூடை நிறைய அள்ளிக்கொண்டு என்னிடமே வந்திருக்கலாம். இன்னும் உயிர் இருக்கிற பெரிய இறால், விலை என்னவென்று உங்களுக்கே தெரியும். நான் பேரம் பேசாமல் வாங்கி மத்தியானத்துக்குச் சம்பல் வைத்திருப்பேன்.

அவர் ஃபோனை எடுத்தார். மொத்தத் தோட்டத்திலும் அவரிடம் இருந்த ஒரே நம்பர் என்னுடையது. "தங்கச்சி, இன்னிக்கு ஊடாங் இல்ல. ஆறு சரியில்ல. பம்ப்ப அடைக்கச் சொல்லு, சீக்கிரம்." சின்ன வயதில் நம் லயத்துப் பிள்ளைகளோடு ஆடித் திரிந்தவர், தமிழ் தடுமாறாது.

எங்கள் லயங்களுக்கு இன்னும் ஆற்றங்கரைப் பம்ப்தான். ஓடிப்போய் அடைத்தோம். மேட்டுத் தொட்டியில் அரைக்கு மேல் நல்ல தண்ணீர் தப்பியது. லோரி வருகிறவரை கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கும் வயசானவர்களுக்கும் அதைத்தான் வாளி வாளியாக அளந்து கொடுத்தோம். அதற்குப் பிறகும் அந்தி சாய்ந்தால் அவர் அழைப்பு வரும்: நுரை குறையவில்லை, இன்றைக்குச் சின்ன மீன் தெரிகிறது, இன்னும் குடிக்காதீர்கள். எழுத்து மூலம் எங்களுக்கு வந்த அறிவிப்புகள் எல்லாம் அவர் சொன்னதற்குப் பிறகுதான் வந்தன. அவர் பிழைப்பு நின்றுபோயிருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, நாங்களும் கேட்கத் தோன்றாமல் இருந்துவிட்டோம்.

கோயில் கமிட்டி, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர்கள், தன் கடைத் தொங் (பீப்பாய்) அத்தனையையும் திருப்பிக் கேட்காமல் கொடுத்த சீனத் தவுக்கே (முதலாளி), ராத்திரியில் வரிசை பிசகாமல் பார்த்துக்கொண்ட பையன்கள், எல்லாருக்கும் நன்றி. தண்ணீர் லோரி அண்ணனுக்குத் தனியாக ஒன்று. டயாலிசிஸ் நிலையத்தில் இறக்கிவிட்டுத்தான் எங்கள் பக்கம் வருவேன் என்று பிடிவாதமாக நின்றார். அன்றைக்குச் சிலர் அவரை ஏசினார்கள். ஒருவருக்கு ஒரு முறை ரத்தம் சுத்தம் பண்ணவே சுமார் 120 லிட்டர் வேண்டும் என்று அங்கிருக்கிற நர்ஸ் மிஸ்ஸி சொன்ன பிறகு வாயடைத்துப் போனார்கள்.

வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தபோது எனக்குள் ஓடியதையும் சொல்லிவிடுகிறேன். இதே ஜொகூர் ஆற்றிலிருந்துதான் 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் நாளைக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம், 2061 வரை. ஆயிரம் கேலனுக்கு நமக்கு 3 சென். சுத்திகரித்த தண்ணீரை நாம் திரும்ப வாங்கினால் 50 சென். என் கடையில் தே தாரிக் குடிக்கிறவர்களுக்கு இந்த 3 சென் சண்டை தீர்ந்தபாடில்லை. குறைச்சல் என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் 2019 ஏப்ரலில் ஆற்றில் அம்மோனியா ஏறியபோது, இங்கே சிங்கப்பூர் நடத்துகிற நீர்நிலையமும்தான் நின்றது. வறட்சியில் ஜொகூர் கேட்டபோது அவர்கள் கூடுதலாகத் தண்ணீர் அனுப்பியதும் உண்டு. 1990 ஒப்பந்தத்தால் வந்த லிங்கியு அணையிலிருந்து நல்ல தண்ணீர் திறந்துவிடுவதால்தான் கடல் உப்பு மேலே ஏறாமல் நிற்கிறது. விலையில் மல்லுக்கட்டினாலும் ஆற்றைப் பார்த்துக்கொள்வதில் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஆக வேண்டியிருக்கிறது.

எனக்குப் பெரிதாகப் படுவது, மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவனுக்கு எப்போது சொல்கிறான் என்பதுதான். மீகோங் ஆற்றில் கீழ்நாடுகள் நான்கும் 1995-லேயே ஒப்பந்தம் போட்டுவிட்டன. தலைமாட்டில் இருக்கிற சீனா 2002-லிருந்து வெள்ளக் காலத்து நீர்மட்டக் கணக்கை மட்டும் கொடுத்தது. வருஷம் முழுக்கக் கொடுக்கச் சம்மதித்தது 2020-இல். பாக் சிக் அதை இறால் கூடையோடு நின்ற இடத்திலேயே செய்தார். அவரிடம் ஒப்பந்தமும் இல்லை, கமிட்டியும் இல்லை.

நமக்குக் கீழேயும் கம்பங்கள் இருக்கின்றன. நம் தோட்டத்து வாய்க்காலில் எண்ணெயோ மருந்தோ கலந்தால் அவர்களுக்கு யார் சொல்வது? அவர்களுடைய நம்பர் நம்மிடம் ஒன்றுகூட இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடிச் செய்யும் கோத்தோங் ரோயோங் வேலை முடிந்ததும் கீழ்க் கம்பத்துச் சூராவுக்குப் (சின்னத் தொழுகைக்கூடத்துக்கு) போய் நம்பர் வாங்கி வந்து பம்ப் வீட்டுச் சுவரில் பெயிண்டால் எழுதப்போகிறேன். வருகிறவர்கள் காலை எட்டு மணிக்குக் கடைக்கு வாருங்கள்.

பாக் சிக்குக்குப் பணம் திரட்டலாம் என்று சிலர் கேட்டீர்கள். கேட்டுப் பார்த்தேன், திட்டினார். தீபாவளிக்கு முறுக்கு மட்டும் போதுமாம், காரம் குறைத்து.