நெஞ்சில் ஒரு நூடுல்ஸ் கிண்ணம்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம், நம் கால்பந்து கிளப்பின் ஜெர்ஸியில் விளம்பரம் போட வந்திருக்கும் நூடுல்ஸ் கம்பெனியைத் திட்டியே தீர்த்திருக்கிறாய். மூட்டுவலி பற்றி ஒரே ஒரு வரி! டாக்டரைப் பார்த்தாயா இல்லையா?

"இனி அந்த ஜெர்ஸியைத் தொடவே மாட்டேன்" என்ற இடத்தில் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. முதல் நாள் எனக்கும் வயிற்றெரிச்சல்தான். நம் கிளப் சின்னத்துக்குக் கீழே ஆவி பறக்கும் கிண்ணம் என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்?

அப்புறம் பழைய படங்கள் சிலவற்றைப் பார்த்தேன். 1987-இல் நாப்போலி முதன்முறையாக இத்தாலிய லீக் பட்டம் வென்றபோது மரடோனாவின் நெஞ்சில் இருந்தது புய்டோனி, பாஸ்தா கம்பெனி. 1990-இல் இரண்டாவது பட்டம் வாங்கியபோது மார்ஸ் சாக்லேட். 1983-இல் ஜெயித்த ரோமாவுக்கு பரில்லா, அதுவும் பாஸ்தா. அந்தச் சட்டைகளை இன்றைக்கும் ஆட்கள் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். ஜெயிக்கிற அணி எதைப் போட்டாலும் அழகு. தோற்றால்தான் எதிரணிக்காரன் "ரெண்டே நிமிஷத்துல வெந்துட்டீங்களா?" என்பான். நம் அணி இருக்கிற இருப்புக்கு உன் பயம் நியாயம்தான்.

இங்கிலாந்தில் ஸ்கார்பரோ என்றொரு சின்ன கிளப் இருந்தது. உருளைக்கிழங்கு சிப்ஸ் (நாம் ஃபிரெஞ்ச் ஃபிரைஸ் என்கிறோமே, அது) விற்கும் மக்கெய்ன் கம்பெனியின் பெயரை மைதானத்துக்கே வைத்துவிட்டார்கள். மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானத்துக்குக் 'கனவுகளின் அரங்கம்' என்று பட்டப்பெயர் உண்டல்லவா? இது 'சிப்ஸ் அரங்கம்' ஆனது! அடுத்தவன் கேலி செய்யும் முன் நாமே செய்துவிட்டால் அவனுக்கு வேலை இல்லை. ஆனால் சிப்ஸ் காசும் கடைசிவரை காப்பாற்றவில்லை. கடன் கழுத்தை நெரிக்க, 2007-இல் கிளப்பையே மூடிவிட்டார்கள்.

எனக்கு உறுத்துவது இத்தாலியின் பார்மா கிளப்பின் கதை. பார்மலாட் என்ற பால் கம்பெனி சட்டையில் பெயர் போட்டதோடு நிற்காமல் கிளப்பையும் கையில் வைத்திருந்தது. புஃபோன், கன்னவாரோ, துராம் என்று நட்சத்திர ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே அணியில்! 1995-இலும் 1999-இலும் ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூஃபா கோப்பையை ஜெயித்தார்கள். 2003 கடைசியில் கம்பெனியின் கணக்கு மோசடி வெளியே வர, பால் திரிந்த மாதிரி எல்லாம் போயிற்று. கிளப்பும் கூடவே தள்ளாடியது. ஒரே மடியில் உட்கார்ந்தால் இதுதான் கதி.

அதனால் ரசிகர் கூட்டத்தில் கிண்ணத்தைப் பற்றி நீ பேசாதே. ஒப்பந்தம் எத்தனை வருடம், அவர்கள் விலகினால் சம்பளத்துக்கு என்ன வழி, கிளப் நிறத்திலும் சின்னத்திலும் கை வைக்க மாட்டார்கள் என்று எழுத்தில் இருக்கிறதா, இந்த மூன்றையும் கேள். நிறத்தைத் தொட்டால் உன்னோடு நானும் தெருவில் இறங்குகிறேன். சத்தியமாக.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ உயிராக மடித்து வைத்திருக்கிறாயே அந்தப் பழைய ஜெர்ஸி, அதில் ஒரு டயர் கம்பெனி பெயர் இருக்கிறது. இருபது வருடமாக அதைப் பற்றி உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை.

முதல் ஆட்டத்துக்கு உனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டேன். படி ஏற முடியாது என்பாய் என்று கீழ் வரிசையாகப் பார்த்து எடுத்தேன். டயரையே போட்டுக்கொண்டு வா, உள்ளே நுழைகிறதா பார்ப்போம்.

உன் பழைய நண்பன்