வண்டி ஓட்ட எந்த இங்கிலீஷ் வேண்டும்?

அன்புள்ள சேகர்,

நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெரியவளுக்கு வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது என்று படித்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். பிரசவத்துக்குக் கும்பகோணத்துக்கே அழைத்து வந்துவிட்டது இன்னும் நல்லது. எனக்குக் குளிர் வந்தால் முழங்கால் வலிக்கிறது, மற்றபடி குறை இல்லை. லண்டனில் எங்கள் ஹாரோ பக்கம் இப்போது சாயங்காலம் நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. வேலை முடிந்து என்னிடம் கார் ஓட்டப் படிக்க வருகிறவர்களுக்கு எல்லாம் இருட்டில்தான் வகுப்பு.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நர்சிங் முடித்து இங்கே வேலைக்கு வரும் பெண்கள் உன் டிரைவிங் ஸ்கூலுக்கு வந்து, 'கார் ஓட்டத் தெரியும் சார், அந்த ஊர் இங்கிலீஷ்தான் பயமாக இருக்கிறது' என்கிறார்கள். வார்த்தைகளை ஒரு பட்டியலாக அனுப்பினால் அச்சடித்துக் கொடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். பட்டியல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வண்டிப் பாகத்தின் பெயர் தெரியாமல் என்னிடம் படித்த யாரும் தோற்றதில்லை. பக்கத்து சீட்டிலிருந்து ஒரு சின்ன வாக்கியம் வரும். அது காதில் விழுந்து, புரிந்து, கைகாலுக்குப் போய்ச் சேருவதற்குள் திரும்ப வேண்டிய தெரு பின்னால் போய்விடும். தடுமாறுவது அங்கேதான். அந்தப் பெண்கள் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க இங்கிலீஷ் பேசுகிறவர்கள். ஆனால் கண் ரோட்டில் இருக்கும்போது கேட்கிற இங்கிலீஷ் வேறு.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் கேட்பார்கள். இங்கே குடிவந்த நாளிலிருந்து 12 மாதம் நம்மூர் லைசென்ஸை வைத்து ஓட்டலாம். அதற்குப் பிறகும் ஓட்ட வேண்டுமென்றால் நம் எல்.எல்.ஆர். மாதிரி ப்ரொவிஷனல் லைசென்ஸ் எடுத்து, இரண்டு தேர்வும் எழுதித்தான் ஆக வேண்டும். தியரியில் 50 கேள்வி, 57 நிமிடம், 43 சரியாக இருக்க வேண்டும். அதோடு சேர்த்து, ஆபத்து வருவதை முன்கூட்டியே கவனிக்கிறோமா என்று பார்க்க 14 வீடியோ காட்டுவார்கள். 75 மதிப்பெண்ணுக்கு 44 எடுக்க வேண்டும். அதில் தேறிய பிறகுதான் ரோட்டுத் தேர்வு.

தியரியை ஒரு காலத்தில் ஹெட்போனில் தமிழிலேயே கேட்டு எழுதலாம் என்று உனக்குத் தெரியுமா? ஆங்கிலமும் வெல்ஷும் போக 19 மொழிகளில் குரல் வசதி இருந்தது, அதில் தமிழும் ஒன்று. ரோட்டுத் தேர்வுக்கு மொழிபெயர்க்க ஆள் கூட்டிப் போகவும் அனுமதி இருந்தது. 2014 ஏப்ரல் 7-ம் தேதியிலிருந்து இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். ரோட்டில் எழுதியிருக்கிற அறிவிப்பெல்லாம் ஆங்கிலத்தில்தானே இருக்கிறது என்பது அதற்கு ஒரு நியாயம், அதை மறுக்க முடியாது. ஆனாலும் வயதான காலத்தில் பிள்ளைகளோடு இருக்க வந்து, பேரனைப் பள்ளியில் விட்டு அழைத்துவர லைசென்ஸ் எடுக்க நினைக்கிற அம்மாக்களைப் பார்க்கும்போது, அந்த வசதி இருந்திருக்கலாமே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. ஊரில் நன்றாக ஓட்டிய கைகள் அவை.

இப்போது 'புல்' (pull, இழு) என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள். நம்மூரில் வண்டி நன்றாக இழுக்கிறது என்றால் இன்ஜினில் வலு இருக்கிறது என்று அர்த்தம். அதனால் 'புல்' என்று காதில் விழுந்ததும் நம் ஆட்களின் கால் தானாக ஆக்ஸிலேட்டருக்குப் போகிறது. ஆனால் இங்கே 'புல் அப்' என்றால் ஓரமாக நிறுத்து. 'புல் அவே' என்றால் கிளம்பு. 'புல் அவுட்' என்றால் நின்ற இடத்திலிருந்தோ சின்ன ரோட்டிலிருந்தோ வெளியே வந்து மற்ற வண்டிகளோடு சேர்ந்துகொள். 'புல் இன்' என்றால் ஓரத்துக்கு வா. போலீஸ் 'புல் ஓவர்' என்றால் ஓரங்கட்டு. பின்னால் ஒட்டுகிற ஒரு சின்ன அசையை வைத்துத்தான் நிற்பதா போவதா என்று தெரியும்.

சேலத்துப் பெண் ஒருத்தி, ஐ.சி.யூ. நர்ஸ், கெட்டிக்காரி. ஊரில் அப்பாவின் காரை ஏற்காடு மலையில் ஓட்டியவள். ஒரு நாள் தேர்வு மாதிரியே நடத்திப் பார்க்கலாம் என்று, அதிகாரி பேசுகிற அதே நடையில், 'புல் அப் ஆன் த லெஃப்ட் அட் எ கன்வீனியன்ட் ப்ளேஸ், ப்ளீஸ்' என்றேன். இடப்பக்கம் இடம் காலியாக இருந்தது. அவள் இண்டிகேட்டர் போட்டாள், ஆனால் வேகம் கூடியது. என் பக்கத்து பிரேக்கை நான் மிதிக்க வேண்டியதாயிற்று. லெஃப்ட் என்பது கைக்குப் போய்விட்டது, புல் என்பது காலுக்குப் போய்விட்டது, இரண்டும் சேர்ந்து என்ன வேலை என்பது மட்டும் வந்து சேரவில்லை.

அதற்கு நான் பேப்பர் எதுவும் கொடுக்கவில்லை. வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். நான் 'புல் அப்' என்றதும் அவள் உள் கண்ணாடி, இடப்பக்கக் கண்ணாடி, இண்டிகேட்டர், பிரேக், கிளட்ச், ஹேண்ட் பிரேக், நியூட்ரல் என்று வரிசையாகச் செய்ய வேண்டும். 'மூவ் ஆஃப்', அதாவது கிளம்பு என்றதும் கிளட்ச், ஃபர்ஸ்ட் கியர், ஹாஃப் கிளட்ச், கண்ணாடிகள், வலது தோளுக்கு மேல் திரும்பி ஒரு பார்வை, பிறகு ஹேண்ட் பிரேக். அர்த்தத்தைத் தமிழில் யோசித்து முடிக்கிற நேரமே கொடுக்காமல் மாற்றி மாற்றிச் சொன்னேன். அடுத்த வகுப்பிலேயே அந்தத் தடுமாற்றம் போய்விட்டது. இதைத்தான் உன் ஸ்கூலிலும் செய்யச் சொல்கிறேன். உன் ஷெட்டில் நிற்கிற பழைய ஸ்விஃப்டிலேயே செய்யலாம், பெட்ரோல் கூடச் செலவில்லை. இங்கே ஹாஃப் கிளட்சுக்குப் பெயர் 'பைட்டிங் பாயின்ட்'. பெடல் மேலே வர வர இன்ஜின் சத்தம் தாழ்ந்து, வண்டியின் மூக்கு லேசாகத் தூக்குமே, அதே இடம்தான். அதை நீ புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, பெயரை மட்டும் அந்த நேரத்தில் சொல்லிவிடு.

'ரைட்' என்ற சொல்லில் இன்னும் கவனம் வேண்டும். திருவையாறு பஸ்ஸில் கண்டக்டர் 'ரைட் ரைட்' என்றால் வண்டி கிளம்பிவிடும், 'ஹோல்டான்' என்றால் நின்றுவிடும். நாம் பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் அது. இங்கே வெள்ளைக்காரப் பயிற்சியாளர்கள் கூட 'சரி' என்பதற்கு 'ரைட்' என்று வாயில் வராமல் பார்த்துக்கொள்கிறார்கள், படிக்கிறவர் வலப்பக்கம் திருப்பிவிடுவார் என்று. நீயும் வகுப்பில் 'ரைட்' என்பதைத் திசைக்கு மட்டும் வைத்துக்கொள். 'சிக்னல்' என்பதும் அப்படித்தான். நமக்குச் சிக்னல் என்றால் பச்சை, சிவப்பு விளக்கு. இவர்களுக்கு அது 'ட்ராஃபிக் லைட்ஸ்'. 'சிக்னல்' என்றால் இண்டிகேட்டர் போடு என்று அர்த்தம். கண்ணாடி பார், சிக்னல் கொடு, பிறகு வண்டியைத் திருப்பு என்பதுதான் இங்கே முதல் பாடம். அதில் நடுவில் வருகிற சொல்லைக் கேட்டு விளக்குக் கம்பத்தைத் தேடுகிறவர்கள் உண்டு.

ஹெட்லைட்டை அடித்துக் காட்டுவது வார்த்தையே இல்லை, ஆனால் இதைத்தான் நீ கட்டாயம் சொல்ல வேண்டும். நம்மூரில் எதிரே வருகிறவன் லைட் அடித்தால் 'நான் வருகிறேன், நீ நில்' என்று அர்த்தம். இங்கே பெரும்பாலும் 'நான் நிற்கிறேன், நீ வா' என்று அடிக்கிறார்கள். நேர் எதிர். இவர்களுடைய ஹைவே கோட் என்ற விதிப் புத்தகமோ, நான் இங்கே இருக்கிறேன் என்று காட்டுவதற்குத் தவிர வேறு எதற்கும் அடிக்காதே, யாராவது அடித்தால் அதை நம்பிக் கிளம்பாதே என்கிறது. அந்தப் புத்தகம் முதலில் வந்தது 1931-ல், அப்போது விலை ஒரு பென்னி. ஹார்னுக்கும் அதில் விதி இருக்கிறது: நின்றுகொண்டிருக்கும்போது அடிக்கக் கூடாது, ஊருக்குள் இரவு பதினொன்றரை மணியிலிருந்து காலை ஏழு மணி வரை அடிக்கக் கூடாது. வேறு வண்டியால் ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. லாரிக்குப் பின்னால் 'சவுண்ட் ஹார்ன்' என்று எழுதியிருப்பதைப் படித்து வளர்ந்த நமக்கு, ஹார்ன் இங்கே திட்டுவதற்குச் சமம் என்று புரிய நாளாகும்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது 'கிவ் வே'. வழி விடு, அவ்வளவுதான். ஆனால் அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. தலைகீழ் முக்கோணப் பலகை இருந்தால், பெரிய ரோட்டில் வருகிறவருக்கு வழி விட வேண்டும், யாரும் வரவில்லையென்றால் நிற்காமல் போகலாம். 'ஸ்டாப்' என்ற எண்கோணப் பலகை இருந்தால், ரோடு காலியாக இருந்தாலும் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். உருட்டிக்கொண்டே போனால் தேர்வு அதோடு முடிந்தது. ரவுண்டானாவில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு முதல் வழி, 1966-ல் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். நம்மூரில் முந்திக்கொண்டு மூக்கை நுழைப்பவர் போகிறார். இங்கே காத்திருப்பவர் போகிறார், நிச்சயமாகப் போகிறார். 2022 ஜனவரியில் இன்னொன்றும் சேர்ந்தது: நாம் திரும்பப் போகிற தெருவின் முனையில் ஒருவர் கடக்கக் காத்து நின்றாலே நாம் வழி விட வேண்டும். ஏற்கெனவே இறங்கிவிட்டவருக்கு மட்டும் என்றுதான் முன்பு இருந்தது. நடப்பவரைப் பார்த்து வண்டி நிற்கிற ஊரில் பதினாறு வயதுப் பிள்ளையும் எண்பது வயதுக் கிழவியும் ஒரே தைரியத்தோடு நடக்கிறார்கள், சேகர். இது நம் ஊருக்கு வர வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை.

அதற்காக எதற்கெடுத்தாலும் நின்றுகொண்டே இருந்தாலும் தப்பு. தேர்வுத் தாளில் 'அண்ட்யூ ஹெசிடேஷன்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, போக வாய்ப்பிருந்தும் தேவையில்லாமல் தயங்கினால் அதில் குறி விழும். பயந்த சுபாவம் உள்ள பெண்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். சின்னத் தப்பு 15 வரை மன்னிப்பு உண்டு, பெரிய தப்பு ஒன்று வந்தாலும் போச்சு. வழி விடுவதையும் வாய்ப்பு வந்ததும் தயங்காமல் போவதையும் சேர்த்தே சொல்லிக்கொடு.

பாகங்களின் பெயரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிக்கி இங்கே 'பூட்'. சைலன்சர் 'எக்ஸாஸ்ட்'. டிவைடர் 'சென்ட்ரல் ரிசர்வேஷன்'. பிளாட்ஃபாரம் 'பேவ்மென்ட்'. டிம் லைட் 'டிப்டு பீம்', பிரைட் லைட் 'ஃபுல் பீம்'. ஸ்டெப்னி என்றால் யாருக்கும் புரியாது, 'ஸ்பேர் வீல்' என்று சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பெயர் பிறந்ததே இந்த நாட்டில்தான். வேல்ஸில் லனெத்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904-ல் உதிரிச் சக்கரம் செய்து விற்க ஆரம்பித்தார்கள். அதற்குத் தெருவின் பெயரையே வைத்தார்கள். இங்கே மறந்தே போனதை நம் மெக்கானிக் இன்னும் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

தேர்வில் வண்டியைப் பற்றி இரண்டு கேள்வி வரும், ஒன்று கிளம்புவதற்கு முன்னால், ஒன்று ஓட்டிக்கொண்டிருக்கும்போது. பிரேக் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பாய் என்று கேட்டால், பெடல் 'ஸ்பாஞ்சி'யாகவோ தளர்வாகவோ இருக்கக் கூடாது, கிளம்பியதும் ஒருமுறை பிடித்துப் பார்ப்பேன், வண்டி ஒரு பக்கமாக 'புல்' பண்ணக் கூடாது என்று சொல்ல வேண்டும். இந்த இடத்தில் மட்டும் அந்தச் சொல் நம் இழுப்புதான். ஒர்க்ஷாப்பில் 'பிரேக் பிடிச்சா லெஃப்ட்ல இழுக்குதுப்பா' என்போமே, அதேதான். இதை மனப்பாடமாக ஒப்பிக்க விடாதே, பெடலை மிதித்துக் காட்டியே சொல்லட்டும்.

இன்னொன்றைச் சொல்லி அந்தப் பெண்களின் பயத்தைப் போக்கிவிடு. தேர்வில் சுமார் 20 நிமிடம் அவர்களே வழி பார்த்து ஓட்ட வேண்டும், பெரும்பாலும் சாட்நாவ் என்ற வழிகாட்டும் கருவி சொல்கிறபடி. அதில் வழி தப்பினால் குற்றமில்லை, தப்பிய வழியில் ஒழுங்காக ஓட்டினால் போதும். அதிகாரி சொன்னது புரியவில்லையென்றால் 'குட் யூ ரிப்பீட் தட், ப்ளீஸ்' என்று கேட்கலாம், அதற்கும் மதிப்பெண் குறையாது. இந்த வாக்கியம் கூச்சமில்லாமல் வாயில் வரட்டும். ஆட்டோமேட்டிக்கில் தேறினால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம் என்பதையும் சொல்லிவிடு. கியரில் நல்ல பழக்கம் இருக்கிறவர்கள் கியர் வண்டியிலேயே தேர்வு கொடுப்பது நல்லது.

பிப்ரவரியில் கிளம்புகிற அந்தத் தாராசுரம் பெண்ணிடம் என் நம்பரைக் கொடு. ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடட்டும். முதல் அரை மணி நேரம் போனிலேயே நான் அதிகாரியாகப் பேசுகிறேன், அவள் உன் ஸ்விஃப்டில் உட்கார்ந்துகொண்டு செய்யட்டும். சாவியை மட்டும் நீ வைத்துக்கொள்.

குழந்தை பிறந்ததும் உடனே தகவல் சொல். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

என்றும் உன்,
ரவி