பெயர் ஒன்று, பிள்ளைகள் இரண்டு

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "கையெழுத்தைக்கூட இப்போது கணினியே படித்துவிடுகிறதே, நீங்கள் ஏனப்பா கண்ணைக் கெடுத்துக்கொண்டு பழைய பதிவேடுகளோடு மல்லுக்கட்டுகிறீர்கள்?" என்றாய். போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

காப்பகத்தில் என்னிடம் கொடுத்திருப்பவை பிறப்பு, இறப்புப் பதிவேடுகள். பக்கங்களைப் படம் எடுத்தாயிற்று. கணினி அவற்றைப் படித்துப் பட்டியல் போடும். மூலப் பக்கத்தோடு வைத்துச் சரிபார்ப்பது எங்களைப் போன்ற தன்னார்வலர்களின் வேலை. ஒரு பெண் குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர் மாறாமல், இரண்டு வருட இடைவெளியில் இருமுறை வந்திருந்தது. ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகிவிட்டதாக நினைத்து, ஒன்றை நீக்கச் சொல்லிக் கணினி குறி போட்டிருந்தது. நானும் நீக்கத்தான் போனேன். என்னவோ மனசு கேட்கவில்லை. இறப்புப் பதிவேட்டைப் புரட்டினேன். அதே பெயர், அதே தகப்பன், வயது 11 மாதம், காய்ச்சல். மூத்தவள் போய்விட்டாள், அடுத்துப் பிறந்தவளுக்கு அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். முதல் குழந்தை இந்த உலகத்தில் இருந்தாள் என்பதற்கு அந்த இரண்டு வரிகள்தான் அத்தாட்சி. அதில் ஒன்றை அழிக்க இருந்தேனே என்று அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

கணினியைக் குறை சொல்லவில்லை, பாப்பா. அமெரிக்காவின் 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை 2012இல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டபோது, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் 13 கோடிக்கும் அதிகமான பெயர்களைச் சில மாதங்களில் தட்டச்சு செய்து முடித்தார்கள். 1950 கணக்கெடுப்பு 2022இல் வந்தபோது முதலில் படித்தது கணினிதான். ஆனாலும் அதன் பிழைகளைத் திருத்த மனிதர்கள் உட்கார வேண்டியிருந்தது.

எழுத்து மங்கும் முன்னால் செய்தாக வேண்டிய வேலை இது. பழைய மையில் இரும்புச் சத்து உண்டு. நாளாக நாளாக அது காகிதத்தை அரித்துவிடும். ஒரு பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தால் சில எழுத்துகள் இருந்த இடத்தில் ஓட்டைதான் தெரிகிறது. கிழிசலுக்கு யாரோ நல்லெண்ணத்தில் ஒட்டிய செல்லோடேப் பழுப்பேறி, அடியில் இருந்த பெயரையும் கெடுத்துவிட்டது. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் தொடுகிறோம். மேசைமேல் பேனாவே கூடாது, பென்சில் மட்டும். அப்புறம், எழுத்துப்பிழை இருந்தால் திருத்தாமல் அப்படியே எழுத வேண்டும். எனக்கு அது பழகவே ஒரு மாதம் ஆயிற்று.

1922இல் டப்ளினில் நடந்த சண்டையில் அயர்லாந்தின் பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. பல நூற்றாண்டுப் பதிவுகள் ஒரே நாளில் சாம்பல். நூறு வருடம் கழித்து அந்தப் பதிவுகளை முடிந்த அளவுக்கு மறுபடி திரட்டியிருக்கிறார்கள் என்றால், யார் யாரோ எங்கெங்கோ பிரதி எடுத்து வைத்திருந்ததால்தான். அதனால்தான் எங்கள் படங்களையும் மூன்று இடங்களில் வைக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடிக்கிறேன்.

சரி, இப்போது உன்னிடம் ஒரு வேலை. பெரியத்தை உன் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார். அவருக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்திருப்பது உனக்கும் தெரியும். மாதம் ஒரு மத்தியானம் போய் உட்கார்ந்து பேசு. அவர் சம்மதித்தால் போனில் பதிவு செய். 'நம் குடும்ப வரலாறு சொல்லுங்கள்' என்று கேட்காதே, யாருக்கும் பதில் வராது. ஒரு போட்டோவைக் கையில் கொடு, அவராகவே ஆரம்பிப்பார். போட்டோவின் பின்னால் மென்மையான பென்சிலால் லேசாகப் பெயர் எழுதி வை. உயிரோடு இருப்பவர்களின் விவரங்கள் மட்டும் நம் வீட்டைத் தாண்டிப் போக வேண்டாம்.

இதோடு ஒரு போட்டோவின் நகல் வைத்திருக்கிறேன். தாத்தா நாற்காலியில் இருக்கிறார், அத்தைக்கு ஆறேழு வயது இருக்கும். இடது ஓரத்தில் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பையன் நிற்கிறான். அது நான் இல்லை; நான் அப்போது பிறக்கவே இல்லை. யார் என்று அத்தையிடம் கேட்டுச் சொல்லம்மா.

அன்புடன்,
அப்பா